நான் சொன்னதும் மகள் சொன்னதும்

கொஞ்சம் அங்கிட்டு நகந்து உக்காருங்க தம்பி. இடம் பத்தலைன்னு இல்ல, என் மேல வாடை அடிக்கும். பன்னி எலும்பு. காலையில இருந்து அதைத்தான் கிண்டிக்கிட்டு நின்னேன். சட்டையைக்கூட மாத்தாம ஓடியாந்து ஏறிட்டேன். இந்தா பாருங்க, இடுப்புல துணிகூட அப்படியே கெட்டிக் கெடக்கு.

இது எப்ப தாம்பரம் போவும்? படப்பையிலயே இப்படி நின்னா எப்படி? கண்டக்டர் தம்பி, முன்னால என்னன்னு இறங்கிப் பாருங்களேன். லாரி மறிச்சுக் கெடக்கா? சரி, சரி. எனக்குப் பொறுமை ஜாஸ்தி, நான் ஒண்ணும் சொல்லலை. ஏர்போர்ட்டுக்குப் போவணும், அதான். என் மகள் ஜப்பானுக்குப் போறா. வழியனுப்ப வரவேண்டாம்னுதான் சொன்னா. நானும் வரலைன்னுதான் சொன்னேன். இப்ப வந்துக்கிட்டிருக்கேன்.

நமக்குத் தூத்துக்குடி. கஸ்பார்னு பேரு. சரக்குக் கப்பல்ல பண்டாரி, அதாவது சமையல்காரன். எந்தத் துறைமுகம் கேட்டாலும் சொல்லுவேன். டர்பன், ரோட்டர்டாம், சாண்டோஸ், எல்லா ஊரு மார்க்கெட்லயும் காய்கறி பேரம் பேசியிருக்கேன். ஒரு ஒப்பந்தம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கொஞ்ச நாளைக்கு நல்லாருக்கும். அப்புறம் கால் நிக்காது. "இன்னும் லீவு இருக்கே"ம்பா என் பெஞ்சாதி மெட்டில்டா. குடும்பத்துக்காகத்தான போறேன்னு சொல்லிட்டு ஏஜெண்டுக்கு போன் போட்டுருவேன். மகள் டெல்பின் பொறந்தப்பவும் கடல்லதான் கெடந்தேன். அவ கோயில்ல முதல் நன்மை வாங்குனப்பவும் கடல்லதான். வேலைன்னா அப்படித்தான தம்பி?

பிறவு பிரஷரு. டாக்டர் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான். கப்பலு முடிஞ்சுது. வீட்டுல உக்காந்தேன். உக்காந்தேன்னு சொல்லக் கூடாது. மெட்டில்டாவோட அடுப்படிக்குப் போய் இது சரியில்ல, அது சரியில்லம்பேன். பாத்திரத்தையெல்லாம் எடுத்து இடம் மாத்தி வைப்பேன். ஒரு நாள் கரண்டியைத் தூக்கிப் போட்டுட்டு அவ மகளுக்குப் போன் பண்ணிட்டா: "உங்க அப்பாவை நீ கூட்டிட்டுப் போறியா, இல்ல நான் எங்கயாவது போவட்டா?"

டெல்பின் இங்க ஒரகடத்துல ஒரு கம்பெனில மொழிபெயர்ப்பு வேலை பாத்தா. ஜப்பான்காரன் பேசுறதைத் தமிழ்ல சொல்லணும், நம்மாளு பேசுறதை ஜப்பான்ல சொல்லணும். எங்கிட்டு இருந்து அவளுக்கு அந்த மூளை வந்துச்சோ. அந்த ஜப்பான்காரங்களுக்குன்னு பக்கத்துலயே ஒரு சாப்பாட்டுக் கடை தொறந்தாங்க. ராமென் கடை. ராமென் கேள்விப்பட்டிருக்கீங்களா? பெரிய கிண்ணத்துல எலும்புச் சாறு, உள்ள நூடுல்ஸ், மேல கறித்துண்டு, பாதி வெந்த முட்டை. இந்தப் பாக்கெட்டைப் பிச்சுக் கொதிக்கப் போடுறது இல்ல தம்பி. அது வேற. சமையலுக்கு ஆள் வேணும்னாங்க, டெல்பின் என்னை ஊருல இருந்து கூட்டியாந்து, அங்க கொண்டுபோய் விட்டா.

அங்க மாஸ்டர் யாருன்னு நெனைக்கீங்க? ஒரு பொண்ணு. ஹருகான்னு பேரு. எம் மகளைவிட கொஞ்சம் மூத்தவளா இருப்பா, அவ்வளவுதான். ஒல்லியா, தலையில துண்டு கெட்டிக்கிட்டு. இவகிட்டயா நான் கத்துக்கணும்? நான் சோறாக்கிப் போட்ட கேப்டன்மாருக்கு இவ வயசுல பேத்தி இருக்கும். டெல்பினைப் பாத்து அப்படியேதான் சொன்னேன். "எனக்கு இவ என்னத்தச் சொல்லித் தருவா, கேளு"ன்னேன். டெல்பின் ஜப்பான்ல என்னமோ நீளமாச் சொன்னா. அந்தப் பொண்ணு முகம் மலர்ந்து, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு எனக்கு வணக்கம் வச்சா. பாத்தீங்களா, மரியாதை தெரிஞ்சவன்னு நெனைச்சுக்கிட்டேன்.

மகளும் தினமும் வருவா. காலையில கம்பெனிக்குப் போறதுக்கு முன்னால, சாயங்காலம் வந்த பிறவு. நானும் ஹருகாவும் பேசிக்கிடணும்னா அவ நடுவுல நிக்கணும்.

முதல் வேலை எலும்பு கழுவுறது. தண்ணியில ஊறப்போட்டு ரத்தம் எறக்கணும். ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணியை அப்படியே கொட்டிரணும். பிறவு ஒவ்வொரு எலும்பா எடுத்து, பிரஷ் போட்டு, இடுக்குல இருக்க கறுப்பையெல்லாம் தேய்க்கணும். "செத்த பன்னிக்குப் பல்லு விளக்கச் சொல்லுதாளா இவ?"ன்னு கேட்டேன். டெல்பின் மொழிபெயர்த்தா. ஹருகா கையை நெஞ்சுல வச்சுத் தலையை ஆட்டுனா. "என்னட்டி சொல்லுதா?"ன்னேன். "உங்க அனுபவம் பெரிசுன்னு சொல்லுதாங்க டாடி. எலும்பு கழுவுறதுதான் முக்கியமாம், அதான் உங்ககிட்ட குடுத்திருக்காங்களாம்." அது சரிதான். யார்கிட்ட எதைக் குடுக்கணும்னு தெரிஞ்சிருக்குன்னு கழுவுனேன்.

கழுவுன பிறவு அண்டாவுல போட்டுக் கொதிக்க விடணும். சும்மா கொதி இல்ல, தளதளன்னு. எலும்புக்குள்ள இருக்கது எல்லாம் கரைஞ்சு வெளிய வரணும், தண்ணியும் கொழுப்பும் ஒண்ணோட ஒண்ணு சேரணும். அப்பத்தான் சாறு தேங்காப்பால் மாதிரி வெள்ளையா வரும். அது வரைக்கும் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கணும், தண்ணி வத்தவத்த ஊத்தணும். விட்டா அடியில பிடிச்சிரும். முடியுறப்ப பொழுது போயிரும். அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கப்பல்ல அப்படி இல்ல தம்பி. உலையை வச்சுட்டு மேல போய்க் கடலைப் பாத்துட்டு வருவேன்.

அப்புறம் மாசி. ஹருகா ஒரு கட்டையைக் கொண்டுவந்து சீவுனா. மரச்சீவல் மாதிரி விழுது. எடுத்து மோந்து பாத்தேன். எங்க ஊரு மாசிக் கருவாடு! சூரை மீனை அவிச்சுப் புகையில காயவைப்பாங்களே, அதேதான். "இதையா ஜப்பான்ல இருந்து வரவழைக்கா?"ன்னு சிரிச்சேன். ஊருக்குப் போனப்ப ஒரு பொட்டலம் வாங்கியாந்து, அவ அந்தப் பக்கம் போயிருந்தப்ப இடிச்சுச் சாத்துல போட்டேன். கொஞ்சம் மிளகும் தட்டிப் போட்டேன். வாசம் தெரு வரைக்கும் போச்சு. அவ வந்தா, ஒரு கரண்டி எடுத்துக் குடிச்சா. அண்டாவைச் சாய்ச்சு மொத்தத்தையும் சாக்கடையில ஊத்திட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்னென்னமோ சொல்லிட்டேன். பொம்பளைப் பிள்ளை முன்னால சொல்லக்கூடாத வார்த்தையும் ரெண்டு விழுந்திருக்கும். டெல்பின் எல்லாத்தையும் கேட்டுட்டு அவகிட்ட மெதுவாப் பேசினா. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுனா தெரியுமா? என் முன்னால குனிஞ்சு, என் கையில இருந்த துடுப்பை வாங்கித் தொடைச்சு, திருப்பி என் கையிலயே குடுத்தா. திட்டுனாத்தான் சனங்க வழிக்கு வருவாங்கன்னு அன்னைக்கு நெனைச்சேன். இப்பவும் சொல்லுதேன், அந்த மாசியில தப்பில்ல. மிளகைக் குறைச்சிருக்கலாம்.

லாரியை எடுத்துட்டானா? இல்லியா. முன்னாடி இருக்கவன் நகந்தானேன்னு பாத்தேன்.

நூடுல்ஸ் மாவைச் சொல்லணும். மாவுல தண்ணி ரொம்பக் கம்மி. பிசைஞ்சா கடக்கரை மணல் மாதிரி உதிரா நிக்கும். நம்ம அப்பளக்காரம் மாதிரி ஒரு காரம், அதைக் கரைச்சு ஊத்துறா. அதுலதான் மஞ்ச நெறமும் அந்த இழுவையும் வருது. இப்படி உதிர்ந்தா எப்படிச் சேரும்னு, அவளுக்குத் தெரியாம ஒரு சொம்பு தண்ணி விட்டுச் சப்பாத்திக்குப் பிசையுற மாதிரி பிசைஞ்சேன். மெஷின்ல விட்டா உருளையில ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. வந்ததும் கொதிதண்ணியில விழுந்து கூழாப் போச்சு. அவ மாவைத் திரும்ப அளந்து, ஒரு பையில போட்டு மூடி, ஓரமா வச்சா. கையைக் கட்டிக்கிட்டு நின்னா. என்னையும் நிக்கச் சொல்லி ஜாடை காட்டுனா. ஒண்ணுமே செய்யாம ரெண்டு பேரும் அந்த மாவைப் பாத்துக்கிட்டு நிக்கோம்! எனக்குக் காலெல்லாம் எறும்பு ஊருது. ரொம்ப நேரம் கழிச்சுத் தொறந்தா, அந்த மணல் தானா எறங்கி ஒண்ணு சேந்து கெடக்கு.

ஒண்ணுல மட்டும் நான் கெட்டி. வெந்த நூடுல்ஸைக் கம்பிக்கூடையோட தூக்கி, ஒரே உதறுல தண்ணியை வடிக்கணும். தண்ணி நின்னா சாறு நீத்துப் போவும். மத்தவன் நாலஞ்சு தரம் உதறுவான். எனக்கு ஆடுற கப்பல்ல நின்னு சோறு வடிச்ச கை. ஒரே உதறு. ஹருகா கை தட்டிட்டா. அதுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கலை.

பிறவு ஒரு வெள்ளிக்கிழமை. சாறு கொதிச்சுக்கிட்டிருக்கு, ஹருகா சாமான் எறக்கப் போயிருக்கா. வெளிய ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையா போவுது. சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்னு போனேன். ஒவ்வொண்ணுலயும் கப்பல் கம்பெனிப் பேரு. இது நான் போன கம்பெனி, இது என் தோஸ்த் போன கம்பெனின்னு வாசிச்சுக்கிட்டே நின்னுட்டேன். கருகல் வாடை அடிச்சப்பத்தான் ஓடுனேன். அண்டா அடியில ஒரு விரக்கடை கரி. சாறு முழுக்கப் புகை நாத்தம். மறுநாள் ஏதோ கம்பெனி விருந்துக்கு வச்சிருந்த சாறு அது.

ஹருகா மொகம் செவந்துருச்சு. டெல்பின் வந்ததும் அவகிட்ட பேசினா, பேசினா, பேசிக்கிட்டே இருந்தா. எனக்கு ஜப்பான் தெரியாட்டியும் குரல் தெரியும்லா. டெல்பின் தலைகுனிஞ்சு நின்னா. எங்கிட்ட திரும்பி, "நீங்க களைச்சுப் போயிட்டீங்களாம் டாடி, நாளைக்கு ஓய்வெடுக்கணுமாம். அவங்க பாத்துக்கிடுவாங்களாம்"னா. பாத்தீங்களா, கோவத்துலயும் என் ஒடம்பை நெனைக்கான்னு சந்தோசமா வீட்டுல படுத்துத் தூங்கினேன். மறுநாள் விடியுமுன்ன எம் மகள் எந்திரிச்சுப் போயிருக்கா. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு அண்டா முன்னால நின்னு அவதான் கிண்டியிருக்கா. கேட்டதுக்கு, "எனக்கும் கத்துக்கிட ஆசை டாடி"ன்னா. பரம்பரைக் கைன்னு மெட்டில்டாவுக்குப் போன் பண்ணிப் பெருமையடிச்சேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள் டெல்பினால காலையில வரமுடியலை, கம்பெனில மீட்டிங்கு. நானும் ஹருகாவும் மட்டும். வெங்காயத்தாளை நான் வெட்டுன தினுசு சரியில்லைன்னு தட்டோட தள்ளி வச்சா. நான் பாட்டுக்கு வாய்க்குள்ள, "இந்தச் சிறுக்கிக்கு எதைச் செஞ்சாலும் ஆவாது"ன்னு முனங்கினேன்.

"அண்ணாச்சி"ன்னு ஒரு சத்தம்.

திரும்பிப் பாத்தா அவதான். எல்லாரும் என்னை அப்படிக் கூப்பிடுறதைக் கேட்டிருக்கா. "அண்ணாச்சி. சிறுக்கி இல்ல. ஹருகா"ங்கா.

தம்பி, எனக்கு நடுக்கடல்ல எஞ்சின் நின்ன மாதிரி ஆயிட்டு. தரை ஆடலை, ஒரு சத்தமும் இல்ல. எப்ப இருந்து இவளுக்குத் தமிழ் தெரியும்? "கொஞ்சம் கொஞ்சம்"னு விரலைக் காட்டுனா. கடைக்கு முட்டை கொண்டாரவன்கிட்ட, பாத்திரம் கழுவுற அம்மாகிட்ட, எங்கிட்ட. காதுல விழுந்ததையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கா. "அண்ணாச்சி கெட்ட வார்த்தை பேசுறாரு. டெல்பின் நல்ல வார்த்தை சொல்றா. நான் ரெண்டும் கேக்குறேன்"னா. சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. கருகிப்போன அன்னைக்கு நடந்ததையும் அவதான் சொன்னா. என்னை இனிமே வரவேண்டாம்னுருக்கா. டெல்பின், அப்பா அழுதுக்கிட்டு மன்னிப்புக் கேக்குறாரு, நாளைக்கு அவருக்குப் பதிலா நான் நிக்கேன்னு கெஞ்சியிருக்கா. நான் அன்னைக்கு அழவே இல்லியே தம்பி. பக்கத்துல டீ குடிச்சிக்கிட்டு நின்னேன்.

"இன்னொண்ணு"ன்னா ஹருகா. வார்த்தை வரலை. யோசிச்சு யோசிச்சு, ஒவ்வொண்ணா எடுத்து வச்சா. "டெல்பின் ஜப்பான் போகணும். கம்பெனி கேட்டாங்க. நல்ல வேலை. டெல்பின் வேண்டாம்னு சொல்லிட்டா. அண்ணாச்சி கூட பேச ஆள் இல்ல. அதனால."

அன்னைக்குச் சாயங்காலம் டெல்பின் வந்ததும் கேட்டேன். "ஏட்டி, ஜப்பானுக்கு ஏன் போகலை?"

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. ஏன் போகலை?"

அவ பையைக் கீழ வச்சா. "நான் போனா நீங்க மறுநாளே அந்த வேலையை விட்டுருவீங்க டாடி. அம்மாகிட்ட போய் நின்னு அவளைப் பாடாப் படுத்துவீங்க. அப்புறம் அங்கயும் நிக்க மாட்டீங்க. உங்களால ஒரு இடத்துல நிக்க முடியாது. எங்களுக்குத் தெரியாதா?"

"நான் நிக்க மாட்டேனா?"

"எப்ப டாடி நின்னுருக்கீங்க?"

வீம்பாத்தான் சொன்னேன், "ஏட்டி, நீ போ. நான் அந்த அண்டா முன்னால நின்னு காட்டுதேன்."

நின்னேன் தம்பி. லாரி போனா போவட்டும்னு நின்னேன். காலு போவப் பாக்கும், துடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிடுவேன். கொதிக்கது எப்ப இறுகுது, எப்ப தளருதுன்னு கைக்குத் தெரிய ஆரம்பிச்சிட்டு. ஹருகா பக்கத்துல வந்து எட்டிப் பாப்பா, போயிருவா. பேச்சு ரெண்டு பேருக்கும் அரைகுறைதான். உப்பு, தீ, தண்ணி, போதும், இன்னும். அதுக்குமேல அடுப்படியில என்ன பேச்சு வேணும்?

போன வாரம் ஒரு முழுக் கிண்ணம் நானே வச்சேன். கிண்ணத்தைச் சுடுதண்ணி ஊத்திச் சூடாக்கி, அடியில சோயா கலவை, வாசனை எண்ணெய், மேல சாறு. நூடுல்ஸ் ஒரே உதறு. கறித்துண்டு, முட்டை, வெங்காயத்தாள், அதுவும் அவ சொன்ன தினுசுல. டெல்பின் முன்னால வச்சேன். பிள்ளை குனிஞ்சு சாப்பிட்டா, கிண்ணத்தைத் தூக்கி அடிச்சாறு வரைக்கும் குடிச்சா. ஹருகா ஒரு கரண்டி எடுத்தா. இந்தத் தடவை சாக்கடைப் பக்கம் போவலை. நான் அவகிட்ட, "சுமிமாசென்"னேன். ஜப்பான்ல மன்னிக்கணும்னு அர்த்தமாம், பாத்திரம் கழுவுற அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. எதுக்குச் சொன்னேன்னு கேக்காதீங்க. டெல்பின் என்னைத் திரும்பிப் பாத்தா பாருங்க, அவளுக்கு மொழிபெயர்க்க ஒண்ணும் இல்ல.

கம்பெனில போறேன்னு சொல்லிட்டா, இன்னைக்கு அவ கெளம்புறா. "நீங்க வராதீங்க, சாறு கெட்டுரும், நின்னு காட்டுதேன்னு சொன்னீங்கள்லா"ன்னா. சரின்னு காலையில அண்டா முன்னால நின்னேன். நிக்கத்தான் நின்னேன். கிண்டுறேன், எங்க கிண்டுறேன்னு தெரியலை. ஹருகா வந்து என் கையில இருந்து துடுப்பைப் பிடுங்கிட்டா. "அண்ணாச்சி, போங்க"ன்னா. "சாறு?"ன்னேன். "நான் நிக்கேன். போங்க, போங்க"ன்னு தள்ளியே விட்டுட்டா. நிக்கேன்னு எங்க ஊரு பேச்சுல சொல்லுதா பாருங்க!

இருங்க தம்பி, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு மக்களே... எங்க நிக்க?... வாசல்லயேவா? உள்ள போவலையா? ஏன்?... யாரு சொன்னா நான் வாரேன்னு? ஹருகாவா?... இல்லட்டி, அவ தமிழ் உனக்குத் தெரியாதா, மாத்திச் சொல்லியிருப்பா. நான் எங்கயும் வரலை. அண்டா முன்னாலதான் நிக்கேன்... ஹாரனா? அது வெளிய லாரி... ஆமா. இந்தா கிண்டிக்கிட்டுதான் இருக்கேன்... கவுண்டரு மூடிருவான்லா, எனக்காக நிக்காத. போ... ம்... சரி... சாப்பிட்டேன்... அம்மாகிட்ட தினமும் பேசுதேன்... போ மக்களே.

வச்சிட்டா.

கடைசியா, "அடிப்பிடிக்காம பாத்துக்கிடுங்க டாடி"ன்னா. நம்பிட்டாளா, நம்புன மாதிரி சொன்னாளான்னு தெரியலை. வார்த்தையில அவளை ஏமாத்த முடியாது. ஆனா உள்ள போயிருவா. அது போதும். நான் போய்ச் சேருற வரைக்கும் அவ வாசல்ல நின்னா, விமானம் நிக்குமா?

நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கீங்க? எறங்கித் திரும்பிப் போவச் சொல்லுதீங்களா? எறங்கலை. தாம்பரத்துல எறங்கி மின்சார ரயிலைப் பிடிச்சா திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர்ல இருக்குன்னு சொல்லுதாங்களே, சரிதானா? அங்க மேம்பாலத்துல ஏறி நின்னா விமானம் மேல ஏறுறது தெரியுமாமே? தெரியும்லா?

எது அவ விமானம்னு எனக்குத் தெரியாது. யாரைக் கேக்கிறது? சாயங்காலம் வரைக்கும் நின்னு, ஏறுறதையெல்லாம் பாத்துட்டு வாரேன்.